பழைய வீடியோ டெக், புது டிவி: மஞ்சள் சாக்கெட்டே இல்லை, எப்படி இணைப்பது?

மதுரைத்திரை

வணக்கம். வீட்டில் நேஷனல் பானாசோனிக் டெக் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. பின்னால் மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, ஆன்டெனா இன், ஆன்டெனா அவுட். அவ்வளவுதான். டிவி 43 அங்குலம். அதில் மூன்று எச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி, ஒரு ஆன்டெனா துளை, ஹெட்போன் போலச் சின்னதாக ஒரு துளை. மஞ்சள் சாக்கெட் எங்குமே இல்லை.

ஏவியை, அதாவது மஞ்சள், வெள்ளை வயரில் வரும் படத்தையும் ஒலியையும், எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டியாயிற்று. டிவியில் நீலத் திரை மட்டும்தான். கேசட் ஓடும் சத்தம் டெக்கில் கேட்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? கல்யாணக் கேசட்டுகள் என்பதால் எதையும் பரீட்சை பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

பழையடெக்

முதலில் கல்யாணக் கேசட்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமா கேசட்டை வைத்தே எல்லாச் சோதனையும் நடக்கட்டும்.

அடுத்து, அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஏவி-டூ-எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐ-டூ-ஏவி என்று இரண்டு வகை விற்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விலை. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. இரண்டாவது வகை செட்டாப் பாக்ஸைப் பழைய டிவியில் மாட்டுவதற்கு. அதைத் திருப்பிப் போட்டு வேலை வாங்க முடியாது. மாற்றி வாங்கி வருவதுதான் இதில் நடக்கும் முதல் தவறு.

சரியான வகையாகவே இருந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். பெட்டிக்கு யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் தேவை. டிவியின் யூஎஸ்பியிலிருந்து கொடுத்தால் சில டிவிகளில் போதாது, சிலவற்றில் படத்தில் சாய்கோடுகள் ஓடும். 1 ஆம்பியர் தரும் போன் சார்ஜரில் மாட்டுங்கள்.

ஆனால் அந்தப் பெட்டியை மறந்துவிட்டு, ஹெட்போன் துளை போல இருக்கிறது என்றீர்களே, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஹெட்போன் படமோ ஆடியோ அவுட் என்றோ இருந்தால் அது வேறு. ஏவி இன் என்று இருந்தால் உங்கள் மஞ்சள் சாக்கெட் அதற்குள்தான் இருக்கிறது.

மதுரைத்திரை

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏவி இன் என்றுதான் இருக்கிறது! டிவியோடு வந்த அட்டைப்பெட்டியில் அதற்கான வயர் எதுவும் இல்லை.

பழையடெக்

அப்படியானால் வேலை பாதி முடிந்தது. உங்களுக்கு வேண்டியது ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் உள்ள வயர். பின்னை உற்றுப் பாருங்கள்: அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். மூன்று வளையம் என்றால் நான்கு தொடர்புப் பகுதிகள். இரண்டே வளையம் உள்ளது சாதாரண ஸ்டீரியோ வயர், அதில் வீடியோ வராது.

இங்கே ஒரு சிக்கல். நான்கு பகுதிகளில் எது வீடியோ, எது எர்த், எது இடது, எது வலது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேம்கார்டரோடு வந்த வயரும் டிவிக்கான வயரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு. இரண்டு விதமாகக் கோளாறு வரும்.

எர்த் சரியான இடத்தில் இருந்து மற்ற மூன்றும் இடம் மாறியிருந்தால், படம் வராமல் ஸ்பீக்கரில் ர்ர்ர் என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். அது ஒலி நுழையும் இடத்தில் வீடியோ நுழைகிற சத்தம். இதற்குப் புது வயர் வேண்டாம். டெக்கின் மஞ்சளில் வயரின் சிவப்பைச் செருகிப் பாருங்கள், பிறகு வெள்ளையை. மூன்றில் ஒன்றில் படம் வந்துவிடும். நிறம் வெறும் பெயின்ட்தான். இப்படி மாற்றிச் செருகுவதால் எதுவும் எரிந்துபோகாது.

எர்த்தே இடம் மாறியிருந்தால் எப்படிச் செருகினாலும் படம் நிற்காது. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, மஞ்சள் பின்னின் வெளி உலோக வளையத்தைத் தொட்டபடி 3.5 மி.மீ. பின்னின் நான்கு பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எந்தப் பகுதியில் பீப் அடிக்கிறதோ அதுதான் எர்த். டிவி கையேட்டில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த மாடலுக்கான வயரைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் டெக் மோனோ. ஒரே வெள்ளை. அப்படியே செருகினால் இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரும். ஒன்றை இரண்டாக்கும் ஒய் வயர் ஒன்று போட்டு வெள்ளை, சிவப்பு இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.

எல்லா வயரையும் மாட்டிய பிறகுதான் டெக்கை பிளக்கில் செருக வேண்டும். இரண்டு பின் பிளக் உள்ள பழைய கருவிகளின் உலோக உடம்பில் லேசான கசிவு இருக்கும். விரலில் சுருக்கென்று தெரியும். அது டிவியின் சின்னச் சாக்கெட் வழியாக இறங்குவதை விரும்ப மாட்டீர்கள்.

அலைவரிசை36

ஏவி துளையே இல்லாத டிவிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆன்டெனா துளையை மறந்துவிடாதீர்கள். இங்கே விற்ற பல டிவிகளில் அனலாக் டியூனர் இன்னும் உள்ளே இருக்கிறது. டெக்கின் ஆன்டெனா அவுட்டிலிருந்து டிவியின் ஆன்டெனா துளைக்கு ஒரு கோஆக்சியல் வயர் போதும்.

டெக்கின் பின்புறம் டெஸ்ட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் திரையில் வெள்ளைப் பட்டைகள் வர வேண்டும். கேசட் இல்லாமலேயே டியூன் செய்ய வைத்த வசதி அது. படத்தை டிவி சேனலாக்கி அனுப்பும் பகுதிக்கு மாடுலேட்டர் என்று பெயர். அது யூஎச்எஃப் என்றால் பெரும்பாலும் 36ஆம் சேனலை ஒட்டி இருக்கும், அதாவது 591.25 மெகாஹெர்ட்ஸ். பழைய விஎச்எஃப் டெக் என்றால் 3 அல்லது 4: 55.25 அல்லது 62.25 மெகாஹெர்ட்ஸ். டிவியில் ஆட்டோ டியூன் போட்டால் டிஜிட்டலை மட்டும் தேடிவிட்டு நிற்கலாம். அனலாக், மேனுவல் என்று தேர்ந்தெடுத்து இந்த எண்களுக்கு அருகே தேடுங்கள்.

டெக் ரிமோட்டில் டிவி/விசிஆர் என்ற பட்டன் உண்டு. அது டிவி நிலையில் இருந்தால் ஆன்டெனா சிக்னலை அப்படியே கடத்திவிடும், கேசட் படம் வெளியே வராது. இதை மறந்துவிட்டு மணிக்கணக்காக டியூன் செய்பவர்கள் உண்டு.

லண்டனிலிருந்து வந்த டெக்காக இருந்தால் படம் நன்றாக வந்து ஒலி மட்டும் வெறும் இரைச்சலாக இருக்கும். பிரிட்டனில் ஒலி, படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் 5.5. டிவி மெனுவில் சவுண்ட் சிஸ்டம் பிஜி என்று இருப்பதை ஐ என்று மாற்றினால் சரியாகும். அமெரிக்க, கனடா டெக்கை இந்த வழியில் முயற்சி செய்யவே வேண்டாம். அங்கே 4.5.

தரத்தில் இது கடைசி வழிதான். ஏவி இருந்தால் ஏவி.

சேலம்வயர்

இவ்வளவு எதற்கு? சரியான கன்வெர்ட்டர் பெட்டி, ஒரு சார்ஜர், ஒரு எச்டிஎம்ஐ கேபிள். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். 1080 ஸ்விட்சைத் தட்டினால் படமும் தெளிவாகிவிடும்.

பழையடெக்

சேலம் நண்பரே, பெட்டி வேலை செய்யும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1080 ஸ்விட்ச் தெளிவைக் கூட்டும் என்பதை ஏற்க மாட்டேன். விஎச்எஸ் நாடாவில் கிடைமட்டமாக இருப்பதே ஏறக்குறைய 240 கோடு அளவு விவரம்தான். ஸ்விட்ச் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்?

உண்மையான பிரச்சினை வேறு. கேசட்டிலிருந்து வரும் சிக்னல் ஆடிக்கொண்டே வரும். டெக்கின் உள்ளே 62 மி.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. நாடா அதன்மேல் சாய்வாகச் சுற்றிப் போகிறது. ஒரு கோடு வரைய 64 மைக்ரோ நொடி. நாடா ஒரு இம்மி நீண்டிருந்தாலும், ரோலர் கொஞ்சம் வழுக்கினாலும், ஒரு கோடு முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். பிக்சர் டியூப் டிவி அந்த ஆட்டத்தோடு தானும் சேர்ந்து ஆடும். அதனால் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. கன்வெர்ட்டர் பெட்டி அப்படியில்லை. ஒவ்வொரு கோட்டையும் எண்களாக்கி, அடுத்த கோடு குறித்த நேரத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கிறது. வராவிட்டால் சிக்னலே இல்லை என்று முடிவுகட்டி நீலத்தைக் காட்டிவிடுகிறது. மதுரைத்திரை பார்த்த நீலம் அதுவாகவும் இருக்கலாம். டெக்கில் ஃபாஸ்ட் ஃபார்வர்டு போட்டுப் படம் பார்க்க முயன்றால் பெட்டி உடனே கறுத்துப்போவதும் இதனால்தான்.

இன்னொன்று. பெட்டியை மாட்டிவிட்டு டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் 1080பி 60 ஹெர்ட்ஸ் என்று வரும். நம் கேசட் நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது 50 அரைப்படம். 50ஐ 60 ஆக்க, ஒவ்வொரு ஐந்துக்கும் ஒன்றை இரட்டிப்பாகக் காட்டியாக வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியைப் பாருங்கள், வெட்டி வெட்டி நகரும். நேரடி ஏவி துளையில் டிவி 50க்கே ஓடும், அந்த வெட்டு இல்லை.

சேலம்வயர்

60 ஹெர்ட்ஸ் விஷயம் சரிதான், இன்ஃபோவில் அப்படித்தான் காட்டுகிறது. அப்போ ஏவி துளையே இல்லாதவர்கள் என்ன செய்வது?

பழையடெக்

டிவிடி ரெக்கார்டர். பிளேயர் இல்லை, ரெக்கார்டர். பிளேயரில் உள்ளே வாங்கும் மஞ்சள் சாக்கெட் கிடையாது, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டெக்கின் மஞ்சள், வெள்ளையை ரெக்கார்டரின் ஏவி இன்னில் கொடுங்கள். ரெக்கார்டர் ரிமோட்டில் இன்புட்டை எல்1 அல்லது எல்2க்கு மாற்றுங்கள். அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு. டிஸ்க் போட வேண்டாம், பதிவு செய்யவும் வேண்டாம். சிக்னல் உள்ளே போய் ஒரு முழு ஃபிரேம் நினைவகத்தில் நின்று, சீராகி வெளியே வருகிறது. இதற்கென்றே உலகம் முழுக்கப் பழைய கேசட் வேலை செய்பவர்கள் தேடுவது பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15. அந்த மாதிரி எச்டிஎம்ஐ இல்லாத மாடல் கிடைத்தாலும் விடாதீர்கள். அதன் ஏவி அவுட்டை உங்கள் மலிவுப் பெட்டிக்குக் கொடுங்கள். சீரான சிக்னல் கிடைத்தால் அதே பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். குறை பெட்டியில் பாதி, ஊட்டுகிற சிக்னலில் பாதி.

என் வரிசை இதுதான்: நேரடி ஏவி, அடுத்து ரெக்கார்டர் வழி, அடுத்து வெறும் பெட்டி, கடைசியில் ஆன்டெனா.

ஸ்காபுறோ_யாழ்

அண்ணை, எனக்கொரு சிக்கல். கனடாவில எடுத்த கலியாணக் கசெற் கொஞ்சம் யாழ்ப்பாணத்தில வீட்டை கிடக்குது. அங்க இருக்கிறது பால் (PAL) டெக். போட்டா ரீவியில படம் கறுப்பு வெள்ளையாத்தான் வருது, சில நேரம் மேலயும் கீழயும் உருளுது. கசெற் பழுதாப் போச்சோ? இல்லாட்டி வயர் பிழையோ?

அலைவரிசை36

கேசட் பழுதில்லை, வயரும் பிழையில்லை. கனடாவில் டிவி முறை என்டிஎஸ்சி. 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். இலங்கையும் இந்தியாவும் பால்: 625 கோடு, 25 படம். நாடா ஓடும் வேகமே வேறு. பால் டெக்கில் சாதாரண வேகத்தில் நொடிக்கு 23.39 மி.மீ., என்டிஎஸ்சியில் 33.35 மி.மீ. வெறும் பால் டெக் என்றால் அந்தக் கேசட்டில் படமே நிற்காது. உங்களுக்குப் படம் வருகிறது என்பதால் உங்கள் டெக்கில் என்டிஎஸ்சி பிளேபேக் வசதி இருக்கிறது.

அந்த வசதி என்ன செய்கிறது தெரியுமா? 60 ஹெர்ட்ஸ் படத்தை அப்படியே விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் பால் டிவி புரிந்துகொள்ளும் 4.43 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கொடுக்கிறது. பால்60 என்பார்கள். இது எந்த நாட்டுத் தரத்திலும் இல்லாத ஒரு கலவை. பழைய டிவிகள் ஏற்றுக்கொண்டன. இன்றைய டிவிகளில் சில, 60 ஹெர்ட்ஸ் என்று கண்டதும் என்டிஎஸ்சி என்று முடிவுசெய்து 3.58 மெகாஹெர்ட்ஸில் நிறத்தைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது, ஆகவே கறுப்பு வெள்ளை.

டிவியில் ஏவி ஓடும்போதே மெனுவுக்குள் போய் கலர் சிஸ்டம் என்பதை ஆட்டோவிலிருந்து மாற்றி, பால், பால்60, என்டிஎஸ்சி 4.43 என்று இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக முயலுங்கள். டெக்கின் முன்பக்கமோ பின்பக்கமோ என்டிஎஸ்சி ஸ்விட்ச் இருந்தால் அதையும் இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். சில டெக்கில் அசல் 3.58ஐயே வெளியே விடும் நிலை இருக்கும். புது டிவிக்கு அதுதான் சிறந்தது.

கேசட்டின் விளிம்பைப் பாருங்கள். டி-120 என்றால் வட அமெரிக்கா போன்ற இடங்களில் விற்ற நாடா, ஈ-180 என்றால் பால் நாடுகளில் விற்றது. வாங்கிய இடத்தைத்தான் இது சொல்லும், எந்த முறையில் பதிந்தார்கள் என்பதைச் சொல்லாது. ஆனாலும் ஒரு குவியலைப் பிரிக்க முதல் தடயம்.

கனடாவிலிருந்து டெக்கையே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அது 120 வோல்ட். யாழ்ப்பாணத்தில் 230. குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் ஃப்யூஸோடு நின்றால் அதிர்ஷ்டம்.

ஸ்காபுறோ_யாழ்

மெத்தப் பெரிய உதவி. மெனுவில என்டிஎஸ்சி 4.43 எண்டு ஒண்டு கிடக்குது, அதைப் போட நிறம் வந்திட்டுது. உருளுறதும் நிண்டிட்டுது.

லாசப்பல்

பிரான்சில் வாங்கிய டெக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அகலமான ஒரு சாக்கெட் மட்டும் இருக்கிறது, மஞ்சளே இல்லை. அங்கே பதிந்த கேசட்டுகளும் கைவசம் உண்டு.

பழையடெக்

அது ஸ்கார்ட், 21 பின். ஸ்கார்ட்டை மஞ்சள், வெள்ளை, சிவப்பாக்கும் அடாப்டர் கிடைக்கும். வாங்கும்போது அதில் இன்/அவுட் தள்ளும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்ச் இல்லாதவை பெரும்பாலும் உள்ளே அனுப்ப மட்டும் இணைத்தவை, டெக்கிலிருந்து படம் வெளியே வராது. ஸ்விட்ச் உள்ளதை அவுட்டில் வையுங்கள். கேபிளைச் சோதிக்க வேண்டுமானால்: வெளியே வரும் வீடியோ 19ஆம் பின், அதன் எர்த் 17, ஒலி 1ஆம் 3ஆம் பின்கள். 20ஆம் பின் உள்ளே போகும் வீடியோ.

ஸ்கார்ட்டில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) வரும், அதனால் விலையுயர்ந்த ஆர்ஜிபி பெட்டி வேண்டும் என்று சொல்வார்கள். டெக் ஆர்ஜிபி தராது. அந்தப் பணம் வீண்.

பிரான்சில் பதிந்தவை செக்காம் என்ற வேறொரு நிற முறை. பால் டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளைதான், இதற்கு மெனு வைத்தியம் கிடையாது. செக்காம் ஓட்டும் டெக்கே வேண்டும். உங்களிடம் இருப்பது அந்த ஊர் டெக் என்பதால் அதைக் கைவிடாதீர்கள். வளைகுடா நாடுகளில் பதிந்த பழைய கேசட்டுகளில் மீசெக்காம் என்று வேறொன்று வரும். அது செக்காமின் உறவு, ஆனால் பல மல்டிசிஸ்டம் டெக்குகளில் அதற்கு ஸ்விட்ச் உண்டு.

நாடாக்காரன்

இணைப்பைப் பற்றி எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். கேசட்டைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். வயர் தப்பானால் மாற்றிக்கொள்ளலாம், நாடா கிழிந்தால் கிழிந்ததுதான்.

கேசட்டின் மேல் ஜன்னலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு நாடாவின் ஓரங்கள் அடுக்கடுக்காக அமர்ந்த வட்டம். அது கறுத்து, கண்ணாடி போல ஒரே மட்டமாக மின்ன வேண்டும். மாவு தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகளோ, நூல் படர்ந்தாற்போலவோ தெரிந்தால் அது பூசணம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போலக் கடற்காற்றுப் படும் ஊர்களில் பரணில் கிடந்த கேசட்டில் இது மிகச் சாதாரணம். அதை டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து நீங்கள் போடும் ஒவ்வொரு நல்ல கேசட்டுக்கும் பரவும். தனியாகக் கட்டி வைத்துவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

நல்ல கேசட்டாக இருந்தாலும் நேரே பிளே அழுத்தாதீர்கள். முதலில் கடைசிவரை ஃபார்வர்டு, பிறகு முழு ரிவைண்ட். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த நாடா அடுக்கு அடுக்காக ஒட்டியிருக்கும். ஒருமுறை ஓடி வந்தால் இழுவிசை சமமாகும்.

டெக்கும் அப்படித்தான். பல வருடம் ஓடாத டெக்கில் பெல்ட் தளர்ந்து, ஐட்லர் டயர் வழவழப்பாகியிருக்கும். கேசட்டை வெளியே எடுக்கும் நேரத்தில் நாடாவை உள்ளே இழுக்க வேண்டிய சக்கரம் வழுக்கினால் நாடா வெளியே தொங்கும், மூடி அதைக் கடிக்கும். டெக் கேசட்டைத் தின்றுவிட்டது என்பது இதைத்தான். ஆகவே வேண்டாத கேசட்டைப் போட்டு, ஒரு நிமிடம் ஓட்டி, வெளியே எடுத்து, முன்மூடியை விரலால் தூக்கி நாடா தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு தடவை செய்யுங்கள். ஒரு தடவை தளர்ந்திருந்தாலும் கல்யாணக் கேசட்டை அருகில் கொண்டு போகாதீர்கள்.

படம் பனி பெய்தாற்போல இருந்தால் ஹெட் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோலையோ, மடித்த வெள்ளைத் தாளையோ டிரம்மின் பக்கவாட்டில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மின் மேல்தட்டைப் பிடித்து இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். துணி நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். அது கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபெரைட், கண்ணாடி மாதிரி. காது குடையும் பஞ்சுக் குச்சி இங்கே ஆகாது, இழை சிக்கிக்கொள்ளும். அதை ஆடியோ ஹெட்டுக்கும், பின்ச் ரோலருக்கும் வைத்துக்கொள்ளலாம். காய்ந்த பிறகுதான் கேசட்.

மதுரைத்திரை

மேல்மூடியைத் திறந்து சுத்தம் செய்தாயிற்று. மூடாமலே சோதனைக் கேசட்டைப் போட்டால் உள்ளே போன வேகத்தில் நின்றுவிடுகிறது, சிலசமயம் ரிவைண்ட் ஆகிறது. எதையாவது உடைத்துவிட்டேனா?

நாடாக்காரன்

உடையவில்லை. மேலே டியூப்லைட் எரிகிறதா? அணைத்துவிட்டுப் போடுங்கள், அல்லது மேல்மூடியை வெறுமனே வைத்து மூடுங்கள். நாடாவின் இரண்டு நுனிகளிலும் நிறமற்ற பிளாஸ்டிக் துண்டு இருக்கும். கேசட்டின் நடுத்துளைக்குள் போகும் விளக்கின் ஒளி அதன் வழியே இரு பக்கமும் உள்ள சென்சாரில் பட்டால், நாடா முடிந்துவிட்டது என்று டெக் புரிந்துகொள்ளும். வெளி வெளிச்சம் அந்தச் சென்சாரில் விழுந்தாலும் அதே முடிவுதான்.

மதுரைத்திரை

விளக்கை அணைத்ததும் ஓடுகிறது! வயரும் கிடைத்துவிட்டது. மஞ்சளில் உறுமல், சிவப்பில் படம். பழையடெக் சொன்ன மாதிரியே. இப்போது நிறத்தோடு படமும் ஒலியும் வருகின்றன. மூன்று குறை மட்டும்: எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள், படத்தின் அடியில் ஒரு விரல்கடை அளவு கோடு கிழிந்து துடிக்கிறது, முகங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு.

பழையடெக்

குண்டு: கேசட் 4:3, டிவி 16:9. பிக்சர் சைஸை 4:3க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு வரும். அது இருக்கட்டும். ஜூம் போட்டு நிரப்பினால் தலையும் காலும் வெட்டுப்படும்.

அடியில் கிழியும் கோடு: கோளாறில்லை. டிரம்மில் ஒரு ஹெட் முடித்து இன்னொன்று தொடங்கும் இடம் அது. எல்லா விஎச்எஸ் கேசட்டிலும் இருக்கிறது. பழைய டிவியில் சட்டத்துக்குக் கீழே மறைந்திருந்தது. டிவி மெனுவில் ஓவர்ஸ்கேன் இருந்தால் ஆன் செய்யுங்கள், மறைந்துவிடும். கோடு அடியிலிருந்து நகர்ந்து படத்தின் நடுவுக்கு வந்தால்தான் டிராக்கிங் கோளாறு, அதாவது ஹெட் நாடாவின் தடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. டெக்கின் டிராக்கிங் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பல மாடல்களில் நடுநிலைக்கு வரும், அங்கிருந்து ஒன்றொன்றாக நகர்த்துங்கள்.

வெள்ளை விளிம்பு: டிவியின் ஷார்ப்னெஸ். பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணையுங்கள். டெக்கே விளிம்பைக் கூராக்கித்தான் அனுப்புகிறது, டிவி அதன்மேல் இன்னொரு தடவை கூராக்கும்போது முகம் மெழுகாகிவிடுகிறது. உதடும் பேச்சும் பொருந்தாவிட்டால் ஏவி உள்ளீட்டுக்கு கேம் மோடு போட்டுப் பாருங்கள். ஒலியைத் தனியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்காமல் டிவி வழியாகவே கேளுங்கள், இரண்டும் சேர்ந்தே தாமதிக்கும்.

சேலம்வயர்

இதே கேசட்டைக் கணினியில் ஏற்ற வேண்டுமென்றால்?

அலைவரிசை36

தனி இழைக்கு உரிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ பெட்டியின் வெளியீட்டைப் பதிய வேண்டாம். டெக், ரெக்கார்டர், யூஎஸ்பி கேப்சர் என்ற வரிசையில் 720×576, இன்டர்லேஸ்டு, பால் என்று வையுங்கள். அமுக்காமல் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜிகாபைட். ஹஃப்ஒய்யூவி போன்ற இழப்பில்லாத கோடெக்கில் அதில் பாதிக்கும் குறைவாக ஆகலாம். டிவி-யில் பார்க்கும் பிரதியைப் பிறகு அதிலிருந்து செய்துகொள்ளலாம். சீக்கிரம் செய்யுங்கள். கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. புது ஹெட் டிரம் இனி வராது.

நாடாக்காரன்

மதுரைத்திரை, கல்யாணக் கேசட்டைப் போடுவதற்கு முன் ஒன்று. கேசட்டின் முதுகில் இடது மூலையில் சின்னப் பிளாஸ்டிக் தாழ் இன்னும் இருந்தால் அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒடித்துவிடுங்கள். ரிமோட்டில் கை தவறி ரெக்கார்ட் அழுந்தினாலும் டெக் பதியாது. பார்த்து முடிந்ததும் முழுக்க ரிவைண்ட் செய்து, புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி வையுங்கள்.

மதுரைத்திரை

நான்கு கேசட்டில் மூன்றில் தாழ் அப்படியே இருந்தது. ஒடித்துவிட்டேன். இப்போது முதலாவது ஃபார்வர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.